மேலறைக் குறுநடுக்கத்தில் குருதி உறைவெதிர்ப்பு மருத்துவம்: மருத்துவர், நோயாளி பட்டறிவுகள்

மேலறைக் குறுநடுக்கம் என்பது இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் ஒழுங்கற்று நடுங்கும் நிலையாகும். மருத்துவர்கள் இதனை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றும், சுருக்கமாக ஏ.எஃப். என்றும் அழைக்கின்றனர். இந்நிலை உள்ளவர்களின் இதயத்தில் குருதி உறைந்து கட்டியாகி, அது மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்காமல் தடுப்பதற்காகக் கொடுக்கப்படுவதே குருதி உறைவெதிர்ப்பு மருத்துவம். வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகிய பழைய மருந்துகளும், டாபிகாட்ரன், ரிவரோக்சபான், அபிக்சபான், எடோக்சபான் ஆகிய புதிய மருந்துகளும் இதில் பயன்படுகின்றன. மக்கள் வழக்கில் இவை 'ரத்தத்தை இளக்கும் மாத்திரை' எனப்படுகின்றன.

இம்மருத்துவம் பக்கவாதத்தைப் பெருமளவு குறைக்கிறது என்பது பல ஆய்வுகளால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் தேவையுள்ள பலருக்கு இது எழுதிக் கொடுக்கப்படாமலும், எழுதிக் கொடுக்கப்பட்ட பலர் இடையில் நிறுத்திவிட்டும் வந்துள்ளனர். இதற்கு மருந்தின் குறைபாடுகள் மட்டும் காரணமல்ல. மருந்து உண்டாக்கும் குருதிப்போக்கை மருத்துவர் கண்ணால் காண்கிறார்; மருந்து தடுத்த பக்கவாதத்தை எவரும் காண்பதில்லை. இந்த வேறுபாடு மருத்துவரின் முடிவையும் நோயாளியின் முடிவையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதைக் கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

மேலறைக் குறுநடுக்கமும் பக்கவாதமும்

இதயத்தின் மேலிரண்டு அறைகள் பள்ளிப் பாடநூல்களில் ஏட்ரியம் அல்லது ஆரிக்கிள் எனக் குறிப்பிடப்படுகின்றன. இயல்பான நிலையில் இவை ஒரே சீராகச் சுருங்கிக் குருதியைக் கீழறைகளுக்குள் தள்ளுகின்றன. குறுநடுக்கத்தில் மின்தூண்டல்கள் தாறுமாறாகப் பரவுவதால் மேலறைகள் சுருங்குவதற்கு மாறாக நடுங்கிக்கொண்டிருக்கின்றன. நாடித்துடிப்பும் ஒழுங்கு தவறுகிறது.

ஓடும் நீர் தெளிவாக இருக்கும். தேங்கும் நீரில் பாசி படியும். அதுபோலவே, ஓட்டம் குறைந்த மேலறையில் குருதி தேங்கி உறைய வாய்ப்பு ஏற்படுகிறது. குறிப்பாக, இடது மேலறையை ஒட்டிய சிறு பைபோன்ற துணையறையில்தான் பெரும்பாலான உறைக்கட்டிகள் உருவாகின்றன. அங்கிருந்து ஒரு துணுக்கு பிரிந்தால் அது குருதியோட்டத்துடன் மூளைக்குச் சென்று ஒரு குழாயை அடைத்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்னும் ஊர் மக்களிடம் பல பத்தாண்டுகளாக நடத்தப்பட்ட ஆய்வு, மேலறைக் குறுநடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 1978இல் காட்டியது. அதே ஆய்வின் 1991ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 50 முதல் 59 வயதினரிடம் ஏற்படும் பக்கவாதங்களில் 1.5% மட்டுமே இந்நோயால் விளைந்தவை. 80 முதல் 89 வயதினரிடம் அது 23.5% ஆக உயர்கிறது. இதனால் விளையும் பக்கவாதம் பெரும்பாலும் கடுமையானது. கை, கால், பேச்சு ஆகியவற்றை இழந்து படுக்கையில் கிடக்க நேரிடுவோர் இதில் அதிகம்.

ஆனால் நோயாளிகளில் கணிசமானோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வேறு காரணத்துக்காக எடுக்கப்பட்ட இ.சி.ஜி.யில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. உடம்பில் ஒரு தொல்லையும் இல்லாதவர் வாழ்நாள் முழுவதும் ஒரு மாத்திரையைச் சாப்பிட வேண்டும் என்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது.

மருந்தின் வரலாறு

உறைவெதிர்ப்பு மாத்திரைகளின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட சமவெளிகளிலும் மாடுகள் குருதி நிற்காமல் இறந்தன. கொம்பறுத்தல், காயடித்தல் போன்ற சிறிய காயங்கள்கூட அவற்றுக்கு உயிருக்கு ஆபத்தாயின. பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் தீவனப் புல்லே இதற்குக் காரணம் என்று கனடாவின் கால்நடை நோயியலாளர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டறிந்தார்.

1933இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உழவர் ஒருவர், இறந்த கிடாரியையும், ஒரு பால்கேன் நிறைய உறையாத குருதியையும், கெட்டுப்போன தீவனத்தையும் எடுத்துக்கொண்டு பனிப்புயலினூடே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கிருந்த உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்து, குருதி உறைவதைத் தடுக்கும் டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வேறொரு சேர்மமே வார்ஃபரின். ஆய்வுக்கு நிதியளித்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து அப்பெயர் அமைந்தது.

வார்ஃபரின் 1948இல் முதலில் எலி மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1954இல் அது மனிதர்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. 1955இல் மாரடைப்புக்கு உள்ளான அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் இது கொடுக்கப்பட்டது. ஆயினும் 'எலி மருந்து' என்ற பெயர் அதைவிட்டு நீங்கவில்லை. வார்ஃபரின் உட்கொள்ளும் நோயாளிகளிடம் நடத்தப்பட்ட நேர்காணல்களில் இப்பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது.

மருந்து செயல்படும் விதம்

உறைவெதிர்ப்பு மருந்துகள் உண்மையில் குருதியை இளக்குவதில்லை. அதன் அடர்த்தி மாறுவதில்லை. குருதி உறைய எடுக்கும் நேரத்தையே அவை நீட்டிக்கின்றன. குருதி உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்க உயிர்ச்சத்து கே வேண்டும். வார்ஃபரினும் அசெனோகூமராலும் அந்த உயிர்ச்சத்து மீண்டும் மீண்டும் பயன்படுவதைத் தடுக்கின்றன. புதிய மருந்துகளோ உறைதல் நிகழ்வில் பங்குபெறும் ஒரே ஒரு காரணியை நேரடியாகத் தடுக்கின்றன.

இம்மருந்துகள் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்துவதும் இல்லை. படபடப்பைக் குறைப்பதும் இல்லை. எனவே மாத்திரை சாப்பிட்டும் முன்னைவிட உடல்நிலை மேம்பட்டதாக நோயாளிக்குத் தோன்றாது. தலைவலி மாத்திரைக்குத் தலைவலி நீங்குவது சான்று. இம்மாத்திரைக்கு அத்தகைய சான்று எதுவும் இல்லை.

வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். என்னும் குருதி ஆய்வு அவ்வப்போது தேவை. மருந்து எடுக்காதவர்களுக்கு இதன் அளவு ஏறத்தாழ 1 ஆக இருக்கும். மேலறைக் குறுநடுக்கத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். 2க்குக் கீழே போனால் பக்கவாதத்திலிருந்து போதிய காப்பு இல்லை. 3க்கு மிகவும் மேலே போனால் குருதிப்போக்குக்கு வாய்ப்பு மிகும்.

பயனும் இடரும்

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் டென்மார்க், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் வார்ஃபரினின் பயனை நிலைநாட்டின. அவற்றையும் பிற்கால ஆய்வுகளையும் தொகுத்து 2007இல் வெளியான கணக்கீட்டின்படி, வார்ஃபரின் பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ 64% குறைக்கிறது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் குறைத்த அளவு 22% மட்டுமே.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓராண்டில் 100 பேரில் ஐவருக்குப் பக்கவாதம் வரக்கூடிய ஒரு குழு இருப்பதாகக் கொள்வோம். அனைவரும் முறையாக வார்ஃபரின் எடுத்தால் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டாகக் குறையும், மூவர் தப்பிப்பார்கள். ஆனால் அந்த மூவர் யார் என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. பக்கவாதம் வராமல் தப்பியவர் தாம் தப்பியதை அறியமாட்டார். அவருடைய மருத்துவரும் அறியமாட்டார். மாறாக, மருந்தால் வயிற்றிலோ மூளையிலோ குருதிப்போக்கு ஏற்பட்ட ஒருவர் உரிய முகவரியோடு மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார். அவர் எடுத்த மாத்திரையின் பெயரும், அதை எழுதிய மருத்துவரின் பெயரும் அவரது மருந்துச்சீட்டில் உள்ளன.

மருத்துவர்களின் பட்டறிவு

இந்த வேறுபாடு மருத்துவர்களின் நடைமுறையை மாற்றுகிறதா என்பதைக் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வில், தம் நோயாளி ஒருவருக்கு வார்ஃபரினால் கடுமையான குருதிப்போக்கு ஏற்பட்டதைக் கண்ட மருத்துவர்கள், அடுத்து வந்த பிற நோயாளிகளுக்கு வார்ஃபரின் எழுதும் வாய்ப்புவிகிதம் 21% குறைந்திருந்தது. அதேசமயம், வார்ஃபரின் கொடுக்கப்படாத நோயாளிக்குப் பக்கவாதம் வந்ததைக் கண்ட மருத்துவர்களிடம் அத்தகைய மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. அடுத்த நோயாளிக்கு அவர்கள் வார்ஃபரினைக் கூடுதலாக எழுதவில்லை.

மருந்து கொடுத்ததால் வந்த தீங்கு தன் கையால் வந்தது என்றும், கொடுக்காததால் வந்த தீங்கு நோயால் வந்தது என்றும் மனம் பிரித்துப் பார்க்கிறது. 'முதலில் தீங்கு செய்யாதே' என்ற மருத்துவ அறமும் இதற்குத் துணைபோகிறது. ஆனால் நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் தீங்குகளே. பக்கவாதத்தால் பேச்சிழந்தவருக்கு, அது மருந்து கொடுத்ததால் வந்ததா, கொடுக்காததால் வந்ததா என்பதில் வேறுபாடு இல்லை.

மருத்துவர்களின் தயக்கத்துக்கு வயது மற்றொரு காரணம். பக்கவாதத்துக்கு மிகுந்த வாய்ப்புள்ளவர்கள் முதியோர். குருதிப்போக்குக்கு மிகுந்த வாய்ப்புள்ளவர்களும் அவர்களே. எனவே மருந்தால் அதிகப் பயன் பெறக்கூடியவர்களுக்கே அது மறுக்கப்படும் நிலை பல நாடுகளில் காணப்பட்டது. 'இவர் அடிக்கடி கீழே விழுகிறார், தலையில் அடிபட்டால் என்ன ஆவது' என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். 1999இல் கனடா ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தனர். வார்ஃபரினால் வரும் பயனைக் கீழே விழுவதால் வரும் இடர் விஞ்ச வேண்டுமானால், ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 295 முறை விழ வேண்டும் என்பது அவர்களது முடிவு. இது ஒரு கணித மாதிரியே. ஒவ்வொரு முதியவருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆயினும் விழும் அச்சத்தை மட்டும் காரணமாக வைத்து மருந்தை மறுப்பது பெரும்பாலும் சரியன்று என்பதை இது உணர்த்தியது.

இத்தயக்கத்துக்கு இடையில் பல மருத்துவர்கள் ஒரு நடுவழியைத் தேடினர். அது ஆஸ்பிரின். வார்ஃபரினைவிட இது தீங்கற்றது, ஏதோ ஓரளவு பயனும் உண்டு என்று கருதி முதியோருக்கு இதை எழுதினர். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 973 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வு இந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. வார்ஃபரின் எடுத்தவர்களிடம் பக்கவாதம் முதலியவை ஆண்டுக்கு 1.8% ஆகவும், ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் 3.8% ஆகவும் இருந்தன. கடுமையான குருதிப்போக்கு வார்ஃபரின் குழுவில் அதிகமாக இல்லை. மேலறைக் குறுநடுக்கத்தில் பக்கவாதத் தடுப்புக்காக மட்டும் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானிய வழிகாட்டுதல் 2014இல் அறிவித்தது.

நோயாளிகளின் பட்டறிவு

நோயாளிகளின் நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுகள் பல உள்ளன. அவற்றில் சில செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, முடிவெடுக்கும் நேரத்தில் நோயாளிகளுக்கு நோயைப் பற்றியே தெளிவாகத் தெரிவதில்லை. இதயத்தில் ஏதோ கோளாறு என்பது விளங்குகிறது. ஆனால் இதயக் கோளாறுக்கும் மூளையில் வரும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்கு விளங்குவதில்லை. குறுகிய நேரச் சந்திப்பில், அதிர்ச்சியடைந்த மனநிலையில் கேட்டவை நினைவில் நிற்பதும் இல்லை. 'மருத்துவர் சொன்னார், சாப்பிடுகிறேன்' என்பதே பலரின் விடை. நம்பிக்கை நல்லதே. ஆனால் காரணம் தெரியாமல் தொடங்கிய மருந்து, அக்கம்பக்கத்தில் யாரேனும் ஒருவர் அச்சமூட்டியதும் நின்றுபோகிறது.

இரண்டாவது, ஐ.என்.ஆர். ஆய்வு வாழ்க்கையைத் தன் கட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. பிரித்தானியாவில் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு மஞ்சள் நிறக் கையேடு ஒன்று கொடுக்கப்பட்டு வந்தது. ஒவ்வோர் ஆய்விலும் வந்த அளவும், அடுத்து எடுக்க வேண்டிய மருந்தின் அளவும் அதில் குறிக்கப்படும். மாத்திரைகளும் அளவுக்கு ஒரு நிறமாக இருக்கும்: 1 மில்லிகிராம் பழுப்பு, 3 மில்லிகிராம் நீலம், 5 மில்லிகிராம் இளஞ்சிவப்பு. 'இன்று ஒரு நீலம், ஒரு பழுப்பு' என்று கணக்கு வைத்துக்கொள்வது பலரின் அன்றாட வழக்கமாயிற்று. பயணம், திருமணம், வேலை எல்லாவற்றையும் ஆய்வு நாளைப் பார்த்தே திட்டமிட வேண்டியிருந்தது. அளவு சரியாக வந்தால் தேர்வில் தேறியது போன்ற மகிழ்ச்சி. தவறினால், தான் எதையோ தவறாகச் சாப்பிட்டுவிட்டோம் என்ற குற்றவுணர்வு.

மூன்றாவது, உணவு பற்றிய குழப்பம். கீரைகளில் உயிர்ச்சத்து கே மிகுதி. அதனால் கீரையே கூடாது என்று பலர் விலக்கிவிடுகின்றனர். இது தவறான புரிதல். வாரத்துக்கு எவ்வளவு கீரை உண்பது வழக்கமோ அதைச் சீராகத் தொடர வேண்டும். ஒரு வாரம் முழுவதும் முருங்கைக்கீரையாக உண்டுவிட்டு அடுத்த வாரம் அறவே நிறுத்துவதுதான் ஐ.என்.ஆர். அளவைத் தடுமாற வைக்கும்.

நான்காவது, சிறு அறிகுறிகள் தரும் அச்சம். லேசாக இடித்துக்கொண்டாலும் தோலில் கன்றிப்போவது, பல்துலக்கும்போது ஈறில் குருதி கசிவது, முகம் மழிக்கையில் பட்ட வெட்டு நீண்டநேரம் கசிவது ஆகியவை ஆபத்தற்றவை. ஆயினும் நோயாளிக்கு இவையே மருந்தின் கண்கூடான விளைவுகள். சிலர் இவற்றை மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று கொண்டு அமைதியடைகின்றனர். சிலர் அஞ்சி மருந்தைக் குறைத்துக்கொள்கின்றனர். பெண்களுக்கு மாதவிடாய்க் குருதிப்போக்கு மிகுவதும் உண்டு; கூச்சத்தால் இதை மருத்துவரிடம் சொல்லாமலே மருந்தை நிறுத்துவோர் உளர்.

ஐந்தாவது, பக்கவாதத்தை நேரில் கண்டவர்களின் உறுதி. தாயோ தந்தையோ பக்கவாதத்தில் படுத்த நிலையைப் பார்த்தவர்கள், எவ்வளவு தொல்லையானாலும் மாத்திரையை விடுவதில்லை. பிறரைச் சார்ந்து கிடக்க நேருமே என்ற அச்சம், இறப்பைப் பற்றிய அச்சத்தைவிடப் பலரிடம் பெரிதாக உள்ளது.

இரு தரப்பின் அளவுகோல்

மருத்துவரும் நோயாளியும் ஒரே இடரை ஒரே அளவுகோலால்தான் அளக்கின்றனரா? கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வு இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. 63 மருத்துவர்களும், மேலறைக் குறுநடுக்கம் வர வாய்ப்புள்ள 61 நோயாளிகளும் இதில் பங்கேற்றனர். பக்கவாதம் என்றால் என்ன நேரும், கடுமையான குருதிப்போக்கு என்றால் என்ன நேரும் என்று விளக்கிய பின், பக்கவாதத்தைத் தடுக்க எவ்வளவு குருதிப்போக்கு இடரை ஏற்பீர்கள் என்று கேட்கப்பட்டது.

இரண்டாண்டுகளில் 100 பேருக்குக் கூடுதலாக ஏறத்தாழ 17 குருதிப்போக்குகள் வரை ஏற்கலாம் என்பது நோயாளிகளின் சராசரி விடை. மருத்துவர்களின் விடை ஏறத்தாழ 10. அதாவது, நோயாளிகள் தாங்கிக்கொள்ள அணியமாக இருந்த இடரை, அவர்களுக்காக மருத்துவர்கள் ஏற்க அணியமாக இல்லை. குருதிப்போக்கு பெரும்பாலும் மருத்துவமனையில் சில நாளில் சீராகிவிடும். பக்கவாதம் வாழ்நாளெல்லாம் உடன்வரும் என்று நோயாளிகள் கருதினர்.

இவை சராசரிகளே. மருத்துவர்களுக்குள்ளும் நோயாளிகளுக்குள்ளும் கருத்துகள் பெரிதும் வேறுபட்டன. சிறிய குருதிப்போக்கு இடரையும் விரும்பாத நோயாளிகளும் இருந்தனர். ஆகவே ஒரு நோயாளி எதை விரும்புவார் என்று மருத்துவர் தாமாக ஊகிப்பது பொருந்தாது, அவரிடமே கேட்க வேண்டும் என்பதே இவ்வாய்விலிருந்து பெறத்தக்க பாடம்.

புதிய மருந்துகள்

2009க்கும் 2013க்கும் இடையில் டாபிகாட்ரன், ரிவரோக்சபான், அபிக்சபான், எடோக்சபான் ஆகிய நான்கையும் வார்ஃபரினுடன் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் வெளியாயின. நான்கிலும் சேர்த்து 70,000க்கு மேற்பட்டோர் பங்கேற்றனர். 2014இல் வெளியான தொகுப்பாய்வின்படி, புதிய மருந்துகள் பக்கவாதத்தை வார்ஃபரினைவிட 19% குறைத்தன. மருத்துவர்கள் மிகவும் அஞ்சிய மூளைக் குருதிக்கசிவை ஏறத்தாழப் பாதியாக்கின. வயிறு, குடல் ஆகியவற்றில் குருதிப்போக்கு மட்டும் சற்று மிகுந்தது.

இவற்றுக்கு ஐ.என்.ஆர். ஆய்வு தேவையில்லை, உணவுக் கட்டுப்பாடும் இல்லை. பல நோயாளிகள் இதை விடுதலையாக உணர்ந்தனர். ஆனால் வேறு சில கவலைகள் பிறந்தன. எண்ணைக் காட்டும் ஆய்வு இல்லாததால் மருந்து வேலை செய்கிறதா என்பது தெரியவில்லையே என்று வார்ஃபரினுக்குப் பழகிய சிலர் கலங்கினர். இம்மருந்துகளின் விளைவு உடலில் ஏறத்தாழ ஒருநாள் அளவே நிற்பதால், ஓரிரு வேளை தவறினாலும் காப்பு நீங்கிவிடும். மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்லும் வழக்கம் இல்லாதபோது, மாத்திரையை மறந்தவரை நினைவூட்டவும் ஆளில்லை. சிறுநீரகச் செயல்பாட்டை அவ்வப்போது பார்க்க வேண்டியதும் உண்டு.

தொடக்கத்தில் குருதிப்போக்கை நிறுத்த மாற்றுமருந்து இல்லை என்பது மருத்துவர்களின் பெருங்கவலையாக இருந்தது. டாபிகாட்ரனுக்கான மாற்றுமருந்து 2015இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

புதியது எல்லாருக்கும் சிறந்தது என்றும் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் உடல் தளர்ந்த முதியோரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், பழைய வகை மருந்தில் நிலையாக இருந்தவர்களைப் புதிய மருந்துக்கு மாற்றியபோது குருதிப்போக்கு மிகுந்தது. ஆகவே நன்றாக ஒத்துப்போகும் மருந்தைக் காரணமின்றி மாற்ற வேண்டியதில்லை.

இந்தியாவில் நிலை

மேலை நாடுகளில் மேலறைக் குறுநடுக்கம் பெரும்பாலும் முதியோரின் நோய். இந்தியாவில் இதற்கு மற்றொரு முகமும் உண்டு. சிறு வயதில் வரும் ஒருவகைத் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வாதக் காய்ச்சல் ஏற்பட்டு, அது இதய வால்வுகளைச் சுருக்கிவிடுகிறது. இதுவே வாத இதய நோய். இதனால் மேலறை விரிந்து குறுநடுக்கம் இளவயதிலேயே வருகிறது. 40க்கு மேற்பட்ட நாடுகளில் மேலறைக் குறுநடுக்க நோயாளிகளைப் பதிவுசெய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வாத இதய நோய் உள்ளோர் வட அமெரிக்காவில் 2.2% ஆகவும் இந்தியாவில் 31.5% ஆகவும் இருந்தனர்.

இவர்களுக்குப் புதிய மருந்து எளிதாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இன்விக்டஸ் எனப்படும் அவ்வாய்வில் இந்தியாவும் பங்கேற்றது. 4,500க்கு மேற்பட்ட நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். சராசரி வயது ஏறத்தாழ 50. 2022இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. பழைய வகை மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு, ரிவரோக்சபான் எடுத்தவர்களைவிடக் குறைவு, குருதிப்போக்கும் மிகவில்லை. எனவே வால்வு சுருங்கிய வாத இதய நோயிலும், செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் வார்ஃபரின் வகையே இன்றும் உரிய மருந்து. இந்தியாவில் அசெனோகூமராலும் இதற்குப் பரவலாகக் கொடுக்கப்படுகிறது.

ஆனால் இம்மருந்துக்கு ஒழுங்கான ஐ.என்.ஆர். ஆய்வு இன்றியமையாதது. மேற்குறித்த 2014ஆம் ஆண்டுப் பதிவாய்வில், அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருந்த காலம் மேற்கு ஐரோப்பாவில் பாதிக்கு மேல். இந்தியா, சீனா, தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் 32% முதல் 40% வரையே. ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும் தொலைவு, ஒருநாள் கூலி இழப்பு, உடன்வர ஆள் இல்லாமை ஆகியவை சிற்றூர் நோயாளிகளுக்குப் பெரிய தடைகள். கருவுறும் வயதில் உள்ள பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வார்ஃபரின் கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. ஆதலால் கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் தெரிவிப்பது மிகவும் தேவை.

கலந்து முடிவெடுத்தல்

யாருக்கு மருந்து தேவை என்பதை முடிவுசெய்ய மருத்துவர்கள் சாட்ஸ்-வாஸ்க் என்னும் மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகின்றனர். இதயச் செயலிழப்பு, உயர் குருதியழுத்தம், வயது, நீரிழிவு, முன்பு வந்த பக்கவாதம், குருதிக்குழாய் நோய் ஆகியவற்றுக்கு மதிப்பெண் அளித்து இடர் கணிக்கப்படுகிறது. குருதிப்போக்கு இடரைக் கணிக்கவும் தனி முறைகள் உள்ளன. இவற்றின் முதன்மை நோக்கம் மருந்தை மறுப்பதன்று. கட்டுப்படாத குருதியழுத்தம், மதுப்பழக்கம், வலிமாத்திரைப் பயன்பாடு போன்ற சரிசெய்யத்தக்க காரணங்களைக் கண்டு நீக்குவதே.

மருந்தை நீண்டகாலம் எடுக்கவே இயலாத சிலருக்கு, இடது மேலறைத் துணையறையைச் சிறு கருவியால் அடைத்துவிடும் முறையும் உள்ளது.

மதிப்பெண் இடரைச் சொல்லும். நோயாளியின் விருப்பத்தைச் சொல்லாது. 100 உருவப் படங்களை வரைந்து, மருந்தின்றி இத்தனை பேருக்குப் பக்கவாதம், மருந்துடன் இத்தனை பேருக்கு என்று நிறமிட்டுக் காட்டும் துணைக்கருவிகள் பயன்பாட்டில் உள்ளன. இவ்வாறு விளக்கப்பட்ட நோயாளிகள் இடரைச் சரியாகப் புரிந்துகொண்டு, தெளிவாக முடிவெடுப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தப்பித்த அந்த மூவரை நேரில் காட்ட முடியாது. ஆனால் படத்தில் காட்ட முடியும். இதுவே அக்கருவிகளின் பயன்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

- மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. பல் பிடுங்குதல் போன்ற சிறு சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை; ஆனால் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.
- ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது.
- ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் வார்ஃபரினின் விளைவை மிகுதியாக்கும். நாட்டு மருந்து எடுப்பதாயினும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
- மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கேனும் இது தெரிந்திருக்க வேண்டும்.
- கருநிற மலம், குருதி வாந்தி, சிறுநீரில் குருதி, தலையில் அடி, திடீர்க் கடுந்தலைவலி ஆகியவை ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
- முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சு குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவர் என்பதையும், கடைசி வேளை எப்போது எடுத்தார் என்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அதைப் பொறுத்தே அடுத்த சிகிச்சை அமையும்.

இக்கட்டுரை பொது அறிவுக்கானது. தனிப்பட்ட மருத்துவ முடிவுகளை, நோயாளியின் நிலையை நேரில் அறிந்த மருத்துவருடன் கலந்தே எடுக்க வேண்டும்.